கொக்கிக் காயம் என்று சொன்னவன் நான்

போன மாதம் இரத்த அழுத்த மாத்திரை வாங்க, நான் கடைசியாக வேலை பார்த்த மருத்துவமனைக்குப் போயிருந்தேன். என் இடத்தில் இப்போது இருக்கும் தம்பி நல்லவன், மரியாதை தெரிந்தவன். உட்கார வைத்து, மைலோ கலக்கிக் கொடுத்து, "அண்ணே, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்களேன். எங்க ஆண்டு மலருக்கு. ஜூனியருங்க படிச்சா சந்தோஷப்படுற மாதிரி நாலு பக்கம்" என்றான். சரி பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே அவன் மேசைமேல் இருந்த கணினித் திரையை எட்டிப் பார்த்தேன். காய்ச்சலோடு வந்த ஒருவருக்கான படிவம். கண், தொண்டை, நெஞ்சு, வயிறு, தோல் என்று வரிசையாகக் கட்டங்கள். நோயாளி இன்னும் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். அதற்குள் எல்லாக் கட்டத்திலும் 'இயல்பு' என்று டிக் விழுந்திருந்தது.

"இது யாருப்பா போட்டது?"

"அதுவா வரும்ணே. வித்தியாசமா இருந்தாத்தான் நாம மாத்தணும்."

"பாக்காமலே எப்படி மாத்துவ?"

"அலமாக், ஒவ்வொருத்தர் சட்டையையும் கழட்டிப் பாத்துக்கிட்டு இருந்தா வரிசை ரோட்டுக்குப் போயிடும் லா" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைலோவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனவே, தம்பி, நீ கேட்ட நாலு பக்கம் இது. படித்தால் சந்தோஷம் வராது. ஆண்டு மலரில் போட முடியாது என்றால் போடாதே, எனக்கு ஒன்றும் நட்டமில்லை.

நான் மருத்துவ உதவியாளராக முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். தோட்டத்து ஜனங்கள் வாயில் இன்றைக்கும் எங்களுக்கு 'டிரெசர்' என்றுதான் பெயர். மூன்று வருடப் படிப்பு, விடுதிச் சோறு, ஊசி போடக் கற்றுக்கொள்ள ஆரஞ்சுப் பழம், இதையெல்லாம் எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது. எனக்கு வேலை என்று ஒன்றைக் கற்றுக்கொடுத்தது மெர்சிங் பக்கத்தில் கழிந்த நாலு வருடம்தான். அங்கே டாக்டர் லிம் என்று ஒரு பெண் மருத்துவர் இருந்தார். ஐந்தடிகூட இருக்க மாட்டார். அவர் வார்டுக்குள் வருகிறார் என்றால் ஆறடித் தாதியர்கூடச் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

அவருடைய முறை இது. காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டிய எந்த நோயாளியாக இருந்தாலும் திரையை இழுத்து மூடச் சொல்வார். "பூக்கா பாஜு" என்பார், சட்டையைக் கழற்று என்று. ஆணுக்கு ஓர் ஆண், பெண்ணுக்கு ஒரு பெண் பக்கத்தில் நிற்க வேண்டும். தலைமுடியைப் பிரித்துப் பார்ப்பார். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு, அக்குள், மார்புக்குக் கீழே, தொப்புள், அரைஞாண் கயிற்றுக்கு அடியில், தொடையிடுக்கு, முழங்காலுக்குப் பின்னால், கால் விரல் இடுக்கு. பிறகு புரட்டிப் போட்டு முதுகு. சின்ன டார்ச் ஒன்று வைத்திருப்பார். ஓர் இடத்தைக்கூட விடமாட்டார், ஒரு வார்த்தை பேசமாட்டார். முடித்த பிறகுதான் எக்ஸ்ரே எங்கே, ரத்தப் பரிசோதனை எங்கே என்று கேட்பார். முதலில் தாளை நீட்டினால் தாளைத் தட்டிவிடுவார்.

அவர் தேடியது ஒரு பொருக்கை. சிகரெட்டால் சுட்டது மாதிரி கறுப்பாக, சுற்றிலும் சிவப்பாக, ஐந்து காசு அகலத்தில் இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே அது இருப்பது தெரியாது. உண்ணி கடித்த இடம் அது. நம் ஆட்கள் எல்லாவற்றையும் உண்ணி என்றே சொல்வார்கள். மாட்டின்மேல் ஒட்டிக் கிடக்கும் பெரிய உண்ணியும் உண்டு, லாலான் புல் நுனியில் காத்திருக்கும் கண்ணுக்கே தெரியாத பொடி உண்ணியும் உண்டு. இரண்டும் கொண்டுவரும் கிருமிகள் ஒரே குடும்பம். இரத்தக் குழாயின் உள்சுவரில் போய் உட்கார்ந்துகொள்ளும். சுவர் ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகுவது நுரையீரலில் என்றால் மூச்சுப் பைகளில் நீர் நிறையும். காய்ச்சலின் முதல் வாரத்தில் டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையைக் கொடுத்தால் இரண்டே நாளில் ஆள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பான். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

மெர்சிங்கில் ஒருமுறை ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டும் ஓர் அம்மா வந்தார். ஒன்பது நாள் காய்ச்சல். வேறோர் இடத்தில் டெங்கி என்று சொல்லித் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டாக்டர் லிம் இடது மார்பைத் தூக்கிப் பார்த்தார், அடியில் இருந்தது பொருக்கு. என்னைத் திரைக்கு உள்ளே கூப்பிட அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு, "மாணிக்கம், பாத்துக்கோ. இத இன்னொரு தடவ நான் உனக்குக் காட்ட மாட்டேன்" என்றார் மலாயில். மூன்றாம் நாள் அந்த அம்மா நடந்தே வீட்டுக்குப் போனார். நான் பார்த்தேன். எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தப்பு என்றால் இவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்காது.

இருபது வருடம் கழித்து, ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தபோது, சரவணன் வந்தான். அப்போது நான் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஒரு மருத்துவமனையில் இருந்தேன், பெயர் வேண்டாம். சரவணனுக்கு முப்பத்தொரு வயது, பெயிண்ட் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, மாசாய் அடுக்குமாடியில் வீடு. மனைவி பிரேமா கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். ஐந்து நாள் காய்ச்சல், தலைவலி, கண் சிவந்திருந்தது. டெங்கிப் பரிசோதனை எடுத்தோம், இல்லை என்று வந்தது. தட்டணுக்கள் மட்டும் குறைந்திருந்தன. வார்டில் சேர்த்தோம்.

அன்றைக்கு டாக்டர் ஃபாரிட் என்ற இளம் மருத்துவர் பணியில் இருந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர் பார்த்தார். சரவணனின் சட்டையைத் தூக்கச் சொன்னது அவர்தான். முதுகு முழுக்கத் திருநீறு. அதை நான்தான் ஈரத் துணியால் துடைத்தேன். தோள்பட்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், எல்லாம் காய்ந்து ஆறியவை. வலது பக்க வரிசையின் கடைசியில் ஒன்று மட்டும் கறுப்பாக, சுற்றிலும் சிவந்து இருந்தது.

"இது என்ன, அபாங்?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் டாக்டர் ஃபாரிட்.

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். "கொக்கிக் காயம், டாக்டர். ஒன்பது நாளைக்கு முன்னால தைப்பூசம். காவடி எடுத்திருக்கான். முதுகுல கொக்கி மாட்டி இழுப்பாங்க. எங்க வழக்கம் இது, நீங்க பயப்பட வேணாம்" என்று அவருக்கு விளக்கினேன். நன்றாக நீட்டி முழக்கி விளக்கினேன். வேல், விரதம், பால்குடம் எல்லாம் சொன்னேன். அந்த வார்டில் தமிழன் நான் ஒருவன்தான். என் ஜனங்களைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற திமிர். டாக்டர் ஃபாரிட் பணிவாகத் தலையாட்டி, 'காவடிக் கொக்கிக் காயங்கள், ஆறி வருகின்றன' என்று எழுதிக்கொண்டார்.

பிரேமா கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள். "அண்ணே, மத்ததெல்லாம் நாலே நாள்ல ஆறிடுச்சு. இது ஒண்ணுதான் இப்படியே இருக்கு. கொக்கி இந்த எடத்துல போட்ட மாதிரியும் எனக்குத் தெரியல" என்றாள்.

"அது ஆழமா போயிருக்கும்மா. ஆறிடும்" என்றேன் நான்.

அவள் கணவன் முதுகை அவளைவிட நான் அதிகம் பார்த்தவனா? மெர்சிங்கில் நாலு வருடம் படித்ததை, ஒரு பெண் கண்ணால் பார்த்துச் சொன்னதை, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் தூக்கி எறிந்தேன். அக்குளில் கை வைத்திருந்தால் நெறி கட்டியிருப்பது தெரிந்திருக்கும். வைக்கவில்லை. தைப்பூசத்துக்கு முன்னால் எங்கே இருந்தான் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தொழிற்சாலை ஆள், அடுக்குமாடி வீடு, இவனுக்கு எங்கேயிருந்து உண்ணி வரும் என்று நினைக்கக்கூட இல்லை, ஏனென்றால் உண்ணி என்ற நினைப்பே எழவில்லை.

பிறகு தெரிந்தது. அவன் பிறந்தது பாலோ பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை என்று அம்மா வேண்டிக்கொண்ட காவடி அது. விரத நாட்களில் ஷிப்ட் முடிந்து தோட்டத்துக்குப் போய், கோயிலைச் சுற்றி இடுப்பளவு வளர்ந்திருந்த லாலானை வெற்றுடம்போடு வெட்டியிருக்கிறான். செம்பனைக்கு அடியில் மாடு மேயும் இடம். வெட்டிய களைப்பில் அங்கேயே புல்லில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறான். தோட்ட நிர்வாகம் அந்தக் கோயில் பக்கம் புல்வெட்டும் இயந்திரத்தை அனுப்பி எத்தனையோ வருடம் ஆகிறது. தோட்டத்தில் முன்பு இருந்த மருந்தகத்தையும் மூடிவிட்டார்கள். அங்கே ஒரு டிரெசர் இருந்திருந்தால் கேட்ட மாத்திரத்தில் உண்ணி என்று சொல்லியிருப்பான். சரி, அவன் இல்லை. நான் இருந்தேன். சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சரவணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் பேசும்போது மட்டும், பிறகு பேசாமல் இருக்கும்போதும். எக்ஸ்ரே எடுத்தோம். கறுப்பாக இருக்க வேண்டிய இரண்டு நுரையீரலும் வெள்ளையாக இருந்தன. நிமோனியா என்று ஊசிமருந்தை மாற்றினார்கள், அதைவிடப் பெரிய மருந்தாக. அந்தக் கிருமியை அந்த மருந்து தொடவே தொடாது. அன்று பிற்பகலே தொண்டைக்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தோம். குழாய் போடும்முன் அவன் பிரேமாவைத் தேடினான். அவளை வெளியே நிற்க வைத்திருந்தோம்.

பாலோவிலிருந்து அம்மா வந்தார். காமாட்சி என்று பெயர், அறுபது வயதிருக்கும், உரம் போட்டு உரம் போட்டுக் காய்த்துப்போன கை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டிரெசர், எம்புள்ளைக்கு என்ன?"

"நெஞ்சுல சளி கட்டியிருக்கும்மா. கிருமி."

"முதுகுல ஒரு காயம் ஆறலன்னு இவ சொல்றா. அது கொக்கிக் காயந்தானே? நீங்கதான் சொன்னீங்களாம்?"

"ஆமாம்மா" என்றேன்.

அந்த அம்மா திரும்பிப் பிரேமாவைப் பார்த்தார். "கேட்டியா? பதினாறு கொக்கி போட்டுச்சு. பதினஞ்சு ஆறிடுச்சு. ஒண்ணு ஆறல. முருகன் ஏன் ஒண்ண மட்டும் வெச்சிருக்கான்? வெரதத்துல நீ சுத்தமா இருந்தியா? தீட்டோட அவனுக்குச் சோறாக்கிப் போட்டியா? இப்பவாவது சொல்லு!"

"இல்லத்த. சத்தியமா இல்ல."

"பொய் சொல்லாத. சாமி பொய் சொல்லாது."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இதெல்லாம் குடும்ப விஷயம், நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று நகர்ந்துவிட்டேன். குடும்ப விஷயமாம்! அந்தப் பழியைச் செய்து அவர் கையில் கொடுத்ததே நான்.

மறுநாள் காலை டாக்டர் லிம் வந்தார். அப்போது அவர் மூத்த நிபுணர், வேறு பெரிய மருத்துவமனையிலிருந்து வாரம் ஒருமுறை வருவார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் அதே சின்ன டார்ச். கோப்பை நீட்டினார்கள், வாங்கவில்லை. "புரட்டுங்க" என்றார். குழாய்களைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் சேர்ந்து சரவணனைப் பக்கவாட்டில் புரட்டினோம். டார்ச் வரிசையாக ஒவ்வொரு புள்ளியிலும் நின்று நின்று போய்க் கடைசியில் நின்றது. பிறகு அக்குளில் கை வைத்துப் பார்த்தார்.

"கொக்கிக் காயம்னு எழுதியிருக்கே. யார் சொன்னது?"

டாக்டர் ஃபாரிட் வாயைத் திறந்தார். அதற்குமுன் நான் சொன்னேன். "நான்தான், டாக்டர்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "மாணிக்கம்" என்றார், அவ்வளவுதான். பிறகு டாக்ஸிசைக்ளின் என்று தாதியிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மருந்தைப் பொடித்துக் கரைத்து மூக்குக் குழாய் வழியாக நானே கொடுத்தேன்.

மறுநாளே காய்ச்சல் இறங்கியது. மருந்து வேலை செய்தது, கிருமி செத்தது. ஆனால் நுரையீரல் அதற்குள் ஊறிப் போயிருந்தது. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும், உள்ளே போக இடமில்லாமல் எச்சரிக்கை மணி அடிக்கும். குப்புறப் படுக்க வைத்தோம், பதினாறு மணி நேரம் அப்படி, பிறகு திருப்பி, பிறகு மறுபடியும் அப்படி. குப்புறக் கிடக்கும்போது அந்த முதுகு என் கண்ணெதிரே இருக்கும். ஆறிய பதினைந்து புள்ளிகள், ஆறாத ஒன்று. பதினாறாவது கொக்கி எங்கே போட்டார்கள் என்று தேடிப் பார்த்தேன். பொருக்குக்கு இரண்டு விரல் மேலே, ஆறிப்போய், இருந்தும் இல்லாததுமாக ஒரு புள்ளி. அதை அன்றைக்கே எண்ணியிருந்தால் பதினேழு வந்திருக்கும். நாலாம் நாள் காலை பதினொன்றே காலுக்குச் சரவணன் இறந்தான்.

இறப்புக்குப் பிறகு வழக்கமான ஆய்வுக் கூட்டம் நடந்தது. நீள மேசை, கறிபாப், தேநீர். கடைசியில் அறிக்கை வாசித்தார்கள். 'நோயாளியின் சமயச் சடங்கினால் உடலில் ஏற்பட்டிருந்த காயங்கள் நோயைக் கண்டறிவதைத் தாமதப்படுத்தின.' கேட்டீர்களா? காவடிமேல் போட்டுவிட்டார்கள். மேசையைச் சுற்றி எல்லாரும் தலையாட்டினார்கள். டாக்டர் ஃபாரிட் மட்டும் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் தலையாட்டினேன். கறிபாப்பும் தின்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாலோவுக்குப் போனேன். மனசு கேட்கவில்லை. கூடாரத்தில் முப்பது பேர் இருந்தார்கள். பிரேமா பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பாத்திரம் கழுவுகிற பெண்கள்கூட அவளோடு பேசவில்லை. காமாட்சி அம்மாவிடம் போய், "அம்மா, அது கொக்கிக் காயம் இல்ல. உண்ணி கடிச்சது. கோயில் லாலான்ல கடிச்சிருக்கு. நான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன்.

"தோட்டத்துல அத்தன பேரு பொழங்குறாங்க. அந்த உண்ணி ஏன் எம்புள்ளையத் தேடி வந்துச்சு, டிரெசர்? சாமி அனுப்பி வெச்சா வராதா?" என்று கேட்டுவிட்டு, வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

பிரேமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது காருக்குப் பக்கத்தில் வந்தாள். அழவில்லை.

"ஆஸ்பத்திரில மீட்டிங் வெச்சாங்களாமே. அங்க இத சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"அங்க சொல்லாதத இங்க வந்து எதுக்குண்ணே சொல்றீங்க? வாயால சொன்னா இவங்க சாமி அனுப்புச்சின்னுதான் சொல்வாங்க. எழுதிக் குடுங்க. என் மாமியாருக்கு மலாய் தெரியாது, தமிழ்ல எழுதுங்க. கீழ ஆபீஸ் சாப்பா குத்தியிருக்கணும். சாப்பா இல்லாத தாள அவங்க நம்ப மாட்டாங்க. நான் சொன்னத நீங்க கேக்கலன்னும் எழுதுங்க."

திங்கட்கிழமை என் மேலதிகாரியிடம் போய், அறிக்கையைத் திருத்த வேண்டும், வாக்குமூலம் தருகிறேன் என்றேன். "ரெண்டு வருஷத்துல பென்ஷன். எதுக்கு வம்பு?" என்றார். மலாயில் எழுதிக் கொடுத்தேன், வாங்கிக் கோப்பில் வைத்தார். ஒரு விளக்கக் கடிதம் கேட்கவில்லை, ஒரு நாள் சம்பளம் பிடிக்கவில்லை. தண்டித்திருந்தால் தப்பு நடந்ததாக ஆகிவிடும் அல்லவா, அதனால் கைகழுவிவிட்டார்கள். நம் துறை எப்படிப்பட்டது என்று எனக்கு அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

பிறகு தமிழில் எழுதினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின் தமிழில் நான் எழுதிய முதல் முழுப் பக்கம் அது. கொக்கிக் காயம் என்று சொன்னது நான். அந்த இடத்தில் கொக்கி போடவில்லை என்று அவர் மனைவி சொன்னார். நான் கேட்கவில்லை. அன்றைக்கே கேட்டிருந்தால் மாத்திரையில் பிழைத்திருப்பார். இவ்வளவுதான். மருத்துவமனை முத்திரையைக் கேட்டேன், தரமாட்டோம் என்றார்கள். என் பெயரும் பதவியும் போட்ட சாப்பா என் பையிலேயே இருந்தது. அதை மையில் நன்றாக ஒற்றி, கையெழுத்தின் மேலேயே குத்தினேன்.

பிரேமா வீட்டு இரும்புக் கதவு வழியாக அதை நீட்டினேன். நின்றபடியே முழுக்கப் படித்தாள். சாப்பாவை விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளே கூப்பிடவில்லை, நன்றி சொல்லவில்லை, கதவை மூடிக்கொண்டாள். அவள் செய்தது சரி.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அண்ணே, அத்த படிச்சாங்க. மூணு தடவ படிச்சாங்க. கோயில்லயும் எல்லாரையும் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டினாங்க. இப்ப உங்களத்தான் திட்டுறாங்க. கால, மதியம், சாயந்திரம், வாய் ஓயல. உங்க குடும்பத்தையே இழுத்துத் திட்டுறாங்க."

"உன்னையுமாம்மா?"

"என்னைத் திட்டல. நேத்து சாப்பிட்டியான்னு கேட்டாங்க."

அந்த அம்மா இன்னும் இருக்கிறார். தைப்பூசம் வந்தால் இன்றைக்கும் என் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றுகிறார் என்று கேள்வி. தூற்றட்டும்.